நாள் முழுக்க பைக், சாயங்காலம் ஓட்டம்: என்ன தின்பது, எந்த டியோ போடுவது?

பாளை ரெப்

வணக்கம். மருந்து கம்பெனியில் ரெப் வேலை, வீடு பாளையங்கோட்டை. ஒரு நாள் அம்பாசமுத்திரம், கடையம், தென்காசி, மறுநாள் நாங்குநேரி, வள்ளியூர் என்று எல்லாம் பைக்கில்தான். சாயங்காலம் ஆறரைக்கு அண்ணா விளையாட்டரங்கத்தில் ஓட்டம், முடிந்தால் வாலிபால்.

இரண்டு பிரச்சினை. நாலரை மணிக்குப் பசி வந்துவிடும், டீக்கடையில் இரண்டு வடையும் பஜ்ஜியும் தின்றுவிட்டு ஓடப் போனால் வயிறு கல் மாதிரி இருக்கிறது. சாக்லேட் வாங்கி வைத்தால் முக்கூடல் போவதற்குள் உருகி, பையெல்லாம் ஒட்டுகிறது. புரோட்டீன் பார் விலைக்குக் கட்டுபடியாகவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் இனிப்பாகவே தின்னவும் பயம்.

இரண்டாவது பிரச்சினை டியோ, அதாவது அக்குளுக்குப் போடும் டியோடரண்ட். காலையில் நன்றாக அடித்துக்கொண்டுதான் கிளம்புகிறேன், பதினோரு மணிக்கு டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்போது சென்ட் வாசமும் வியர்வை வாடையும் கலந்து எனக்கே தாங்கவில்லை. மூன்று மாற்றிவிட்டேன், ஒன்றில் அக்குள் சிவந்து அரித்தது. இதே மாதிரி சுற்றுகிறவர்கள் என்ன செய்கிறீர்கள்?

குறுக்குத்துறை அக்கா

தம்பி, நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், எனக்கும் நாள் முழுக்க மைதானம்தான், அதனால் தின்பண்டத்துக்கு மட்டும் சொல்கிறேன்.

முதலில் நேரத்தை மாற்றுங்கள். நாலரைக்குப் பசி உச்சத்தில் இருக்கும், அப்போது டீக்கடை வாசலில் நின்றால் வடையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. மூன்றரைக்கே ஒரு கைப்பிடி தின்றுவிடுங்கள். வறுத்த நிலக்கடலையும் பொரிகடலையும் பாதிப் பாதி கலந்து சின்ன சம்படத்தில் போட்டு எடுத்துப் போங்கள், எந்த வெயிலிலும் ஒன்றும் ஆகாது. நிலக்கடலை 100 கிராமில் 25 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, ஆனால் 550 கலோரிக்கு மேலும் இருக்கிறது, அதனால் சம்படத்தை முழுசாகக் காலி செய்யாமல் ஒரு 30 கிராமோடு நிறுத்துவது நல்லது. வடை எண்ணெயில் பொரித்தது, கொழுப்பு வயிற்றை விட்டு இறங்க நேரமாகும், அந்தக் கனத்தோடு ஓடினால் கல் மாதிரிதான் இருக்கும்.

ஓடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் ஒரு நாட்டு வாழைப்பழம் போதும். அதிகமாக ஓடுகிற நாளில் கடலைமிட்டாய் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். நம்ம பக்கத்துக் கோவில்பட்டி மிட்டாய், 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியது, சாக்லேட் மாதிரி வழிந்து ஓடாது, காற்றுப் படாமல் மூடி வைத்தால் மொறுமொறுப்பும் போகாது.

சுண்டல் நல்லதுதான், ஆனால் காலையில் தாளித்து தேங்காய் போட்டு எடுத்துப் போனால் மதியத்துக்குள் ஊசிப்போகும். தேங்காய் போடாமல், தண்ணீர் நன்றாக வடித்துவிட்டு, ஒரு மணிக்குள் தின்றுவிடுங்கள். தை மாதம் பனங்கிழங்கு அவித்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் நார்ச்சத்து அதிகம், ஓடப் போகும் முன்னால் வேண்டாம். முந்திரிக்கொத்து பாசிப்பயறுதானே என்பார்கள், அதுவும் வெல்லம் சேர்த்து எண்ணெயில் பொரித்தது, பண்டிகைக்கு வைத்துக்கொள்வோம். அப்பாவுக்குச் சர்க்கரை என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: உடன்குடிக் கருப்பட்டியே ஆனாலும் அதில் இருப்பதும் பெரும்பாலும் சர்க்கரைதான், கருப்பட்டி போட்டது என்று அளவில்லாமல் தின்னாதீர்கள்.

வண்ணார்பேட்டை மருந்துக்கடை

அண்ணே, டியோ விஷயம் கவுண்டரில் தினமும் கேட்கிற கேள்வி. வியர்வைக்குத் தனியாகப் பெரிதாக வாடை கிடையாது. அக்குளில் இருக்கும் பாக்டீரியா அந்த வியர்வையை உடைக்கும்போதுதான் வாடை வருகிறது. டியோடரண்ட் அந்த பாக்டீரியாவைக் கொஞ்சம் அடக்கி மேலே வாசம் போடும், ஈரத்தை நிறுத்தாது. உங்களுக்கு வேண்டியது ஆன்டிபெர்ஸ்பிரண்ட். அட்டையில் அலுமினியம் குளோரோஹைட்ரேட் மாதிரி ஒரு அலுமினிய உப்பின் பெயர் இருக்கும். அது வியர்வைக் குழாயின் வாயைத் தற்காலிகமாக அடைத்து ஈரத்தைக் குறைக்கும்.

எல்லோரும் தவறு செய்வது போடுகிற நேரத்தில். காலையில் குளித்த ஈரத்தோடு அவசரமாக அடித்துக்கொண்டு வெயிலில் இறங்கினால் வருகிற வியர்வையே அதைக் கழுவிவிடும். ராத்திரி படுக்கும் முன் அக்குளை நன்றாகத் துடைத்து, காய்ந்த பிறகு ரோல்-ஆன் போடுங்கள். ராத்திரி வியர்வை குறைவாக இருப்பதால் அது உள்ளே இறங்கி நிற்கும், காலையில் குளித்தாலும் பலன் போகாது. சவரம் செய்த அன்றைக்குப் போடாதீர்கள், எரியும்.

அரிப்பு வந்தது வாசனைப் பொருளாலோ ஆல்கஹாலாலோ இருக்கலாம், வாசனை சேர்க்காதது வாங்கிப் பாருங்கள். இயற்கையானது என்று விற்கிற சிலவற்றில் சமையல் சோடா இருக்கும், அதுவும் சிலருக்குத் தோலைப் புண்ணாக்கும்.

இன்னொன்று, ஸ்ப்ரே கேனை பைக் டேங்க் பையில் வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று கேனிலேயே போட்டிருப்பார்கள், சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் பை எவ்வளவு கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். ராத்திரி தூக்கத்திலும் உடம்பு நனைகிற அளவு வியர்த்தால் கடையில் மருந்து தேடாமல் டாக்டரைப் பாருங்கள்.

கடையம் மாமா

இதற்கெல்லாம் எதற்குச் செலவு? சலூனில் சவரம் முடித்துத் தேய்ப்பார்களே, அந்தப் படிகாரக் கல்லை நனைத்து அக்குளில் தடவினால் போதும். நான் இருபது வருடமாக அதுதான். அலுமினியம் கிலுமினியம் ஒன்றும் கிடையாது.

வண்ணார்பேட்டை மருந்துக்கடை

மாமா, படிகாரம் வாடையைக் குறைக்கும், அது உண்மை, விலையும் குறைவு. ஆனால் படிகாரமே அலுமினிய உப்புதான், அதனால் அலுமினியம் இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது. ஈரத்தையும் ரோல்-ஆன் அளவுக்கு நிறுத்தாது. அலுமினியத்துக்குப் பயப்படவும் வேண்டாம், புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் இல்லை. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடட்டும்.

குறுக்குத்துறை அக்கா

சட்டையையும் பாருங்கள் தம்பி. பாலியெஸ்டர் ஜெர்ஸி வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், துவைத்த பிறகும் உடம்புச் சூடு பட்டதும் திரும்ப வரும். வேலைக்குப் பருத்திச் சட்டை போடுங்கள், ஜெர்ஸியை ஆட்டம் முடிந்ததும் பையில் சுருட்டி வைக்காமல் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் துவைத்து வெயிலில் போடுங்கள். அப்புறம் தண்ணீர். தாகத்துக்குப் பதநீர் குடித்தால் பனையோலைப் பட்டையில் ஊற்றியதை அங்கேயே குடித்துவிடுங்கள், பாட்டிலில் அடைத்து எடுத்துப் போனால் புளித்துவிடும். வண்டியில் வைத்துக்கொள்ள உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் போதும்.

பாளை ரெப்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். ராத்திரி ரோல்-ஆன் போட்டு நாலாவது நாளில் வித்தியாசம் தெரிந்தது, வாசனை இல்லாதது என்பதால் அரிப்பும் இல்லை. நேற்று தென்காசியில் ஒரு மணி வரை சட்டை அக்குளில் நனையவில்லை, அதற்கு மேல் லேசாக ஈரம், ஆனால் வாடை இல்லை. பையில் மாற்றுச் சட்டை ஒன்றும் சின்னத் துண்டும் வைத்திருக்கிறேன், மதியம் துடைத்துவிட்டு மாற்றினால் மறுபடி காலை மாதிரி ஆகிவிடுகிறது. ஸ்ப்ரே கேனை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

மூன்றரைக்குச் சம்படம் திறந்துவிடுகிறேன் அக்கா, டீக்கடையில் இப்போது டீ மட்டும்தான். ஓட்டத்தில் வயிற்றுக் கனம் இல்லை. ஒரு சந்தேகம்: ஏழரைக்கு ஆட்டம் முடிந்ததும் மறுபடி பசிக்கிறது, வீட்டில் சாப்பாடு ஒன்பது மணிக்குத்தான். அவித்த முட்டை இரண்டு சாப்பிடலாமா?

குறுக்குத்துறை அக்கா

தாராளமாக. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். காலையில் அவித்ததை வெயிலில் சுமக்காமல், ஸ்டேடியம் வெளியே அப்போது அவித்ததாக வாங்கிச் சாப்பிடுங்கள்.