நீரூறிய மரத்தின் அடர்த்தி: நிறுத்துப் பார்த்த அனுபவம்

இங்கிலாந்தில் தொல்பொருள் பாதுகாப்புப் பயிற்சியில் இருந்தபோது, ஆற்றுச் சேற்றிலிருந்து எடுத்த பழைய ஓக் கம்பம் ஒன்றைக் கொடுத்து அடர்த்தி பார்க்கச் சொன்னார்கள். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. கோடரி பட்ட தடம்கூட அப்படியே இருந்தது. ஆனால் ஊசியால் குத்தினால் மேற்புறத்தில் தடையே இல்லாமல் இறங்கி, கொஞ்சம் உள்ளே போனதும் டக்கென்று நின்றது. செல்சுவரின் செல்லுலோஸை பாக்டீரியா தின்றுவிட்டது. உருவத்தைத் தாங்கிக்கொண்டிருப்பது தண்ணீர். அப்படியே காயவிட்டால் சுருங்கி வெடித்துவிடும்.

வழக்கமாக ஒரு துண்டை வெட்டி 105 டிகிரியில் ஓவனில் உலர்த்துவார்கள். அந்தத் துண்டு அத்தோடு போயிற்று. எனக்குப் பிடித்தது ஆர்க்கிமிடீஸ் வழிதான். எந்த மரமானாலும் செல்சுவரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.5 கிராம், தண்ணீருக்கு 1. மரத்துக்குள் ஊறிய தண்ணீர் தண்ணீருக்குள் எடை காட்டாது; செல்சுவர் மட்டும் 1.5இல் 1 போக 0.5, அதாவது மூன்றில் ஒரு பங்கு காட்டும். அதனால் தண்ணீருக்குள் காட்டும் எடையை மூன்றால் பெருக்கினால் உலர் எடை கிடைத்துவிடும். வெளியே உள்ள எடையிலிருந்து உள்ளே உள்ள எடையைக் கழித்தால் கன அளவு. உலர் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி.

கம்பத்திலிருந்து ஏற்கெனவே உடைந்திருந்த இரண்டு துண்டுகளை நைலான் நூலில் தொங்கவிட்டேன். மேற்புறத் துண்டு வெளியே 58.2 கிராம், தண்ணீருக்குள் 4.2. அப்படியென்றால் உலர் எடை 12.6, கன அளவு 54, அடர்த்தி 0.23தான். உள்துண்டு வெளியே 59, தண்ணீருக்குள் 9. அடர்த்தி 0.54, கிட்டத்தட்ட புது ஓக்! ஒரே கம்பம். சராசரி போட்டால் வரும் எண் அதன் எந்தப் பகுதிக்கும் பொருந்தாது.

மரம் சுருங்காதபடி தண்ணீருக்குப் பதிலாக ஏற்றும் வேதிப்பொருளான பாலிஎத்திலீன் கிளைக்காலை, அதாவது பெக்கை, இந்த அடர்த்தி எண்ணை வைத்துத்தான் தேர்வு செய்கிறோம். கெட்டியான உள்மரத்தில் சிறிய மூலக்கூறுதான் நுழையும். நொய்ந்த மேற்புறத்தைத் தாங்கப் பெரியது வேண்டும். கடலடியிலிருந்து எடுத்த பழைய ஆங்கிலேயப் போர்க்கப்பலான மேரி ரோஸுக்கு 1994இல் தொடங்கி முதலில் சிறிய மூலக்கூறான பெக் 200, அப்புறம் பெரிய மூலக்கூறான பெக் 2000 தெளித்தார்கள். 2013இல்தான் நிறுத்தினார்கள்.

* * *

(இதைப் படித்த, இதே வேலை செய்யும் ஒருவரின் பதில்:) அக்கா, இதோடு ஒன்று சேர்க்கிறேன். கப்பல் மரம் என்றால் இரும்பைக் கவனியுங்கள். ஆணி துருப்பிடித்துக் கரைந்து, மரத்துக்குள் இரும்பு சல்பைடாகப் படிந்திருக்கும். அது மரத்தைவிடப் பல மடங்கு கனம். அந்த எடையையும் மூன்றால் பெருக்கினால் நொய்ந்த மரம்கூட நல்ல மரமாகத் தெரியும். ஆணித் துளை ஓரத்துத் துண்டை நான் எடுப்பதே இல்லை.

காற்றுக்குமிழி இதற்கு நேர் எதிர். எடையைக் குறைத்துக் காட்டும். நிறுக்கும் முன் துண்டைத் தண்ணீரோடு வெற்றிடக் கலத்தில் வைத்து, குமிழி வருவது நிற்கும்வரை விட்டுவிடுவேன். அதன் பிறகும் எண் ஊசிக் குத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் பெக் தொட்டியில் இறக்க மாட்டேன்.