புதுப்பிப்பு: கோவையிலிருந்து மீண்டும் திருப்பூருக்கு

மென்பொருள் நிறுவன வேலையை விட்டுத் துணி அச்சு வடிவமைப்புக்குத் திரும்பலாமா என்று இங்கே முன்பு கேட்டிருந்தேன். திரும்பிவிட்டேன்.

ஈரோட்டில் பெயர்ப்பலகை எழுதி, திருப்பூரில் பனியனுக்குப் படம் வரைந்து, கோவையில் செயலித் திரைகள் வடிவமைத்தவன் நான். இப்போது ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் இருக்கிறேன். வலைச் சட்டம் (ஸ்கிரீன்) வழியே துணியில் மையை இறக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். நிறம் கூடினால் செலவும் கூடும். குறைந்த நிறங்களில் படத்தை நிற்கவைப்பதுதான் எனக்குப் பிடித்த சவால். கணினியில் பளிச்சிடும் மஞ்சள் கருப்புத் துணியில் மங்கிவிடும். அடியில் வெள்ளை அச்சிட வேண்டும்.

கோவை ஆண்டுகள் வீணில்லை. வாடிக்கையாளரிடம் காரணம் சொல்லி ஒரு வடிவத்தை ஏற்கவைக்க அங்கேதான் கற்றேன். சம்பளம் குறைவுதான், வீட்டில் பேசித்தான் முடிவெடுத்தோம்.

என் வேலைகளைக் காட்டும் கோப்பில் துணி மாதிரிகளையும் சேர்க்கச் சொல்லி அப்போது இங்கே பதில் எழுதிய அக்காவுக்கு நன்றி. நேர்காணலில் அவற்றைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.