ஆபீஸுக்குத் தமெய்ன்: நழுவாமல், புடைக்காமல், மழையிலும் திருத்தமாக

பசுண்டாங் தங்கச்சி (கேள்வி):
ஜூன் மாதம் யாங்கோனில் ஆபீஸ் வேலை ஆரம்பம். தினமும் தமெய்ன் (பர்மியப் பெண்கள் இடுப்பில் மடித்துச் செருகும், குழாயாகத் தைத்த லுங்கி), எய்ஞ்சி (மேல்சட்டை) தான். போக வர பஸ். இருப்பது பூப்போட்ட தமெய்ன் மூன்று, வெள்ளை எய்ஞ்சி இரண்டு. கட்டினால் வயிற்றில் பந்து மாதிரி புடைக்கிறது, மத்தியானத்துக்குள் தளர்கிறது, முன் ஓரம் ஒருபக்கமாகத் தொங்குகிறது. வெள்ளை எய்ஞ்சியில் உள்ளே போட்டது தெரிகிறது. புதிதாக எத்தனை வேண்டும்? துணி எவ்வளவு எடுக்க வேண்டும்? அம்மாவின் காட்டன் சேலைகளை வெட்டித் தைக்கலாமா? உயரம் 5 அடி 2 அங்குலம், ஹிப் சுற்று 38 அங்குலம்.

ஊசிநூல்:
தங்கச்சி, புதுசு வாங்குவதற்கு முன்னால் கட்டுகிற விதத்தைச் சரி பண்ணிக்கோங்க. நீங்க சொன்ன மூன்று குறையும் அங்கேதான் இருக்கு.

தளர்வதற்குக் காரணம் பெரும்பாலும் இடுப்பில் வைத்துத் தைக்கிற கறுப்புப் பட்டை. அது சாட்டினாக இருந்தால் வழுக்கும். காட்டன் பாப்ளினில் 5 அங்குல அகலம் வையுங்க. தைப்பதற்கு முன் ஒருதடவை நனைத்துக் காயப்போடணும். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே பட்டை சுருங்கி, கீழே தமெய்ன் துணி முழுக்கச் சுருக்கம் விழும்.

சுற்றளவையும் பாருங்க. 2 கெஜம் என்றால் 72 அங்குலம். உங்க ஹிப் 38 போக மிச்சம் 34. அது இரட்டையாக மடிகிறதால் முன்னால் 17 அங்குல மடிப்பு கிடைக்கும். ஒன்றே முக்கால் கெஜம் என்றால் மடிப்பு பன்னிரண்டரைதான் வரும், படியேறும்போது விலகும். ஹிப் 44 உள்ளவர்களுக்கு 2 கெஜத்துக்குக் குறைவாக எடுக்கவே கூடாது.

கட்டும்போது காலை அரை அடி அகட்டி நில்லுங்க. காலை ஒட்டி வைத்துக் கட்டினால் பஸ் படியில் கால் தூக்க முடியாது. பின்பக்கம் துணி உடம்போடு ஒட்டியிருக்க, மிச்சத் துணி முழுவதையும் வலப்பக்கம் இழுத்துப் பிடித்து, முன்னால் இடப்பக்கமாகக் கொண்டுவாங்க. அப்படிக் கொண்டுவரும்போது விளிம்பை அரை அங்குலம் மேலே தூக்குங்க, முன் ஓரம் தொங்காது. செருகுவது மேல் மூலையில் 2 அங்குலம் மட்டும், தட்டையாக. கைப்பிடித் துணியைத் திணிப்பதால்தான் பந்து வருது.

எய்ஞ்சி உயரம் செருகல் இருக்கும் இடத்துக்குக் கீழே 2 அங்குலம் வரணும். பஸ் கம்பியைப் பிடித்தால் பட்டை தெரியக் கூடாது, அதுதான் கணக்கு. அதற்கு மேல் நீளம் வைத்தால் இடுப்பே தெரியாமல் போய் மூட்டை மாதிரி ஆகும். தையல்காரரிடம் மார்பில் 3 அங்குலம் தளர்வு, பக்கத் தையலில் ஒரு அங்குலம் உள்துணி கேளுங்க. பக்கவாட்டில் பொத்தான் வரும் யின்போன் ஆபீஸுக்கு நல்லாயிருக்கும், ஆனால் நூல் வளையம் சீக்கிரம் தளரும். துணியாலேயே வளையம் வைக்கச் சொல்லுங்க. தினப்படிக்கு முன்பொத்தான் யின்ஸியே வசதி.

டல்லா அக்கா:
கட்டு பற்றி மேலே சொன்னது சரி. எத்தனை வேண்டும் என்பதற்கு என் கணக்கு: எய்ஞ்சி ஐந்து, தமெய்ன் நான்கு. எய்ஞ்சி வியர்வைபடுவதால் தினமும் துவைக்க வேண்டும், மழைக்காலத்தில் காட்டன் காய இரண்டு நாள்கூட ஆகும். ஈரம் படாத தமெய்னை இரண்டு தடவை கட்டலாம்.

உங்களிடம் பூப்போட்டது மூன்று இருக்கிறதல்லவா? இனி பூ வேண்டாம். எய்ஞ்சி ஐந்தும் ஒற்றை நிறமாக இருக்கட்டும்: வெள்ளை இரண்டு இருக்கிறது, கூட ஒரு சந்தன நிறம், மீதி இரண்டும் தமெய்ன் பூவிலிருந்து எடுத்த நிறம். பூவில் பெரிதாகத் தெரியும் நிறத்தை எடுக்காதீர்கள். கொஞ்சமாக வரும் நிறத்தை எடுங்கள், அப்போதுதான் இரண்டும் பார்த்துச் சேர்த்த மாதிரி இருக்கும். துணிக்கடைக்குத் தமெய்னையே கொண்டுபோய், வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். போஜோக் மார்க்கெட் என்றால் திங்கட்கிழமை போகாதீர்கள், அன்று விடுமுறை.

நான்காவது தமெய்ன் கருநீலமோ அடர்ந்த காப்பி நிறமோ எடுங்கள். பச்சை வேண்டாம். வெள்ளை எய்ஞ்சியும் பச்சைத் தமெய்னும் பள்ளிக்கூட யூனிபார்ம், பஸ்ஸில் எல்லோரும் "செயாமா" (டீச்சரம்மா) என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைக்குச் சிவப்பு என்றால் நர்ஸ்.

வெள்ளைக்கு உள்ளே வெள்ளை போடுவதால்தான் தெரிகிறது. உங்கள் தோல் நிறத்தில் பாடியும் ஷிம்மியும் போடுங்கள், கோடு மறையும். மெல்லிய வாயில் (voile) துணியில் எய்ஞ்சி வேண்டாம், பாப்ளினோ டெரிகாட்டனோ போதும். ரேயான் மெத்தென்று இருக்கும், ஆனால் நனைந்தால் உடம்போடு ஒட்டும், உட்கார்ந்த இடத்தில் பை விழும்.

தாலிச் சங்கிலியை மூடிய கழுத்துக்குள் விட்டுவிடுங்கள். காதில் சிறிய தோடு, ஒரு கையில் வாட்ச் போதும்.

பசுண்டாங் தங்கச்சி:
அக்கா, ரொம்ப நன்றி. ஒரே துணியில் மேலும் கீழும் தைக்கிற வுன்ஸெட் எடுத்தால் பொருத்தம் பார்க்கிற வேலையே இல்லையே? கொக்கி வைத்துத் தைத்த தமெய்ன் நல்லதா? சேலை பற்றி யாரும் சொல்லவில்லை.

ஊசிநூல்:
வுன்ஸெட் ஒன்று வைத்துக்கலாம், மீட்டிங் நாளுக்கு. ஐந்தும் அப்படி எடுத்தால் ஒன்றில் கறை பட்டதும் ஜோடியே போச்சு. கொக்கி வைத்தது கூட்டமான பஸ்ஸுக்கு நிம்மதி. ஆனால் உடம்பு ஒரு அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் உட்காராது, அதனால் இரண்டு வரிசைக் கொக்கி வையுங்க.

சேலையைத் தாராளமாக வெட்டலாம். எனக்கு இதில் ரொம்பப் பிரியம், கரை பாதத்துக்கு மேலே ஓடுகிற அழகு கடைத் துணியில் வராது. ஆறு கெஜம் 216 அங்குலம். முந்தானைக்கு 36 போனால் 180. தையலுக்கு ஒரு அங்குலம் சேர்த்து 73 வீதம் இரண்டு தமெய்ன் வரும். மிச்சம் 34 அங்குலமும் முந்தானையும் எய்ஞ்சிக்கு. வெட்டுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க. கொசுவம் வரும் இடத்தில் கீழ்க்கரை தரையில் தேய்ந்து நைந்திருக்கும், அதை விட்டுவிட்டு வெட்டுங்க.

உயரத்துக்குக் கீழ்க்கரையிலிருந்து மேலே அளக்கணும். உங்களுக்குப் பட்டை 5, துணி 34, ஆக 39 அங்குலம். மேல் தையலுக்கு அரை அங்குலம் சேர்த்து வெட்டினால் போதும். கரைக்கு அடிமடிப்பு வேண்டாம். மேலே மிஞ்சுகிற மேல்கரைத் துண்டை எய்ஞ்சியின் கை ஓரத்தில் வைத்துத் தைத்தால் அதுவே ஒரு ஸெட்.

மழைச்செருப்பு:
ஒரு விஷயம் விட்டுப்போச்சு. நாள் முழுக்கத் திருத்தமாக இருந்துட்டு பின்பக்கம் சேறு தெறித்திருந்தால் என்ன பயன்? பின்பட்டை இல்லாத செருப்பு நடக்கும்போது குதிகாலில் அடித்துத் தண்ணீரைத் தமெய்ன் பின்னால் வாரியடிக்கும். மழைக்காலத்தில் குதிகாலைச் சுற்றிப் பட்டை வைத்த ரப்பர் செருப்பு எடுங்க. மண்டலே வெல்வெட் செருப்பு ஈரத்தை உறிஞ்சி அடிப்பாகம் விட்டுப்போகும், அதை ஆபீஸ் மேசைக்குக் கீழே வைத்து மாற்றிக்கோங்க. தெருவில் தமெய்னைக் கணுக்காலுக்கு 2 அங்குலம் மேலே கட்டலாம்.

அடர்நிறத் தமெய்ன் வாங்கினதும் ஈர வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு மூலையில் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்க. சாயம் ஏறினால் வெள்ளை எய்ஞ்சியின் கீழ் ஓரம் வியர்வையிலேயே கறைபடும். உப்பில் ஊறவைப்பது கடைத் துணிக்குப் பயன்படாது. தண்ணீர் தெளியும்வரை பச்சைத் தண்ணீரில் தனியாக அலசுங்க. லுன்தயா அச்செய்க் என்கிற, அலை டிசைன் நெய்த பட்டுத் தமெய்னை மழையில் எடுக்காதீங்க. அதே அலை டிசைன் அச்சடித்த காட்டனில் கிடைக்குது.