அபின் கடத்தலைத் தடுக்க வெளிநாட்டில் தொடர்பு அதிகாரி: கைது அதிகாரமே இல்லாமல் என்ன செய்வார்?

வழித்தடம் கேட்டது:
அபின் விளையும் நாடுகளிலும் சரக்கு கடந்துபோகும் நாடுகளிலும், பல அரசுகள் தங்கள் போதைப்பொருள் தடுப்பு அதிகாரியைத் தூதரகத்தில் அமர்த்துகின்றன. அங்கே அவரால் சோதனை போட முடியாது, யாரையும் கைது செய்ய முடியாது. தகவல் பரிமாற்றம்தான் வேலை என்றால் இன்டர்போல் போதாதா?

தராசு:
இன்டர்போல் வழியில் போகும் கோரிக்கை இரண்டு தலைமையகங்களைத் தாண்டித்தான் உரியவர் மேசைக்கு வரும். அதற்குள் சரக்கு கைமாறிவிடும். போதைப்பொருள் கடத்தலுக்கு எதிரான ஐ.நா.வின் 1988 வியன்னா ஒப்பந்தத்தின் 9-ஆம் பிரிவு தொடர்பு அதிகாரிகளைப் பற்றித் தனியாகவே பேசுவது இதனால்தான்.

இவர்களின் அருமை தெரிவது கன்ட்ரோல்டு டெலிவரியில், அதாவது சரக்கைக் கண்காணித்தபடியே போகவிட்டுப் பிடிப்பதில். முதல் இடத்திலேயே மடக்கினால் லாரி டிரைவரோ கூலிக்குச் சுமப்பவரோதான் சிக்குவார். சம்பந்தப்பட்ட நாடுகள் சம்மதித்தால், போதைப்பொருளை எடுத்துவிட்டு வேறு எதையாவது வைத்து அனுப்பவும் அதே ஒப்பந்தத்தின் 11-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்கு முன் கன்டெய்னர் எண்ணையும் சீல் எண்ணையும் ஒத்துப்பார்க்க வேண்டும். எடை, மாதிரி, படம் மூன்றும் உள்ளூர் அதிகாரியின் கையெழுத்தோடு பதிவாக வேண்டும். வழியிலுள்ள ஒவ்வொரு நாட்டிலும் நடுராத்திரியிலும் போனை எடுக்கும் ஓர் ஆள் வேண்டும்.

கெடுவது பெரும்பாலும் நடுவழியில்தான். கன்டெய்னரை எதிர்பாராத துறைமுகத்தில் வேறு கப்பலுக்கு மாற்றுவார்கள். அங்குள்ள சுங்கத்துறைக்கு விஷயமே தெரியாது. திறந்து பறிமுதல் செய்துவிடுவார்கள். அவர்கள் மேல் தவறில்லை, முன்கூட்டியே சொல்லாததுதான் தவறு.

கசகசா:
வயலை மட்டும் பார்த்தால் போதாது, விளைச்சல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். 2022 ஏப்ரலில் அபின் சாகுபடிக்குத் தாலிபான் தடை வந்தது. 2023-இல் ஆப்கானிஸ்தானில் அபின் தரும் கசகசாச் செடியின் சாகுபடிப் பரப்பு 2,33,000 ஹெக்டேரிலிருந்து 10,800-க்கு விழுந்தது. அபின் உற்பத்தியில் மியான்மர் முதலிடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அபினிலிருந்து ஹெராயின் எங்கே தயாரானாலும் அசிட்டிக் அன்ஹைட்ரைடு என்ற ரசாயனம் வேண்டும். அது ரசாயனத் தொழிற்சாலைகளிலிருந்துதான் திசைமாறிப் போகிறது.

இதில் நேரில் ஆள் இருப்பதற்கு ஈடில்லை. ஏற்றுமதி செய்யும் நாடு, சரக்கு கிளம்பும் முன்பே இறக்குமதி நாட்டுக்கு ஆன்லைனில் தகவல் அனுப்பும்; 2006 முதல் இதற்கென ஒரு முறை இருக்கிறது. வாங்குவதாகச் சொல்லும் கம்பெனி உண்மையில் இருக்கிறதா என்பது கணினியில் தெரியாது. உள்ளூர் அதிகாரிகளை அந்த முகவரிக்குப் போகச் சொல்லி, கிடங்கும் உரிமமும் கேட்ட அளவுக்கு ஏற்ற உற்பத்தியும் இருக்கிறதா என்று விசாரிக்க வைப்பது தொடர்பு அதிகாரியின் வேலை. பூட்டிய கடை ஒன்று பல டன் கேட்டிருந்தால் ஏற்றுமதியை அங்கேயே நிறுத்திவிடலாம். என்னைக் கேட்டால், பத்துக் கைதுகளைவிட இது பெரிது.

தராசு:
உண்மை. ஒன்று சேர்க்கிறேன்: பேச்சுவாக்கில் கிடைத்த தகவல் கோர்ட்டில் நிற்காது. அது துப்பு மட்டுமே. சாட்சியமாக வேண்டுமானால் அதே ஒப்பந்தத்தின் 7-ஆம் பிரிவின்படி பரஸ்பரச் சட்ட உதவிக் கோரிக்கையாக முறைப்படி கேட்டு வாங்க வேண்டும். இதை மறந்தால், சரக்கு பிடிபட்ட பின்பும் வழக்கு கவிழும்.

கரையோரம்:
ஆபத்தான பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2005-இல் ஆஸ்திரேலிய ஃபெடரல் போலீஸ் இந்தோனேசியாவின் பாலி தீவு போலீஸுக்கு எழுதிய கடிதத்தில் பயணிகளின் விவரங்களைக் கொடுத்து, போதைப்பொருள் வைத்திருப்பதாகச் சந்தேகம் வந்தால் உசிதமான நடவடிக்கை எடுக்கலாம் என்றது. 8 கிலோவுக்கு மேல் ஹெராயினோடு ஒன்பது ஆஸ்திரேலியர்கள் பிடிபட்டார்கள். அவர்களில் இருவருக்கு 2015-இல் இந்தோனேசியா மரண தண்டனையை நிறைவேற்றியது, சுட்டுக் கொன்றார்கள். மரண தண்டனை உள்ள நாட்டுக்குத் தகவல் கொடுப்பது வெறும் அலுவலக வேலை இல்லை.

வழித்தடம்:
தகவலோடு நிபந்தனை போட முடியாதா?

கரையோரம்:
எந்த வழக்குக்கு, யார் பார்க்கலாம், கோர்ட்டில் காட்டலாமா என்று எழுதிக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் போலீஸுக்கும் போலீஸுக்கும் இடையிலான அந்தக் குறிப்பு நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. அதனால் கொடுப்பதற்கு முன்பே, அங்கே அதிகபட்சத் தண்டனை என்ன, சரக்கை நம் நாட்டுக்கு வரவிட்டு இங்கேயே பிடிக்க முடியுமா என்ற இரண்டையும் பார்த்து, மேலதிகாரியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும்.