பாங்க் நெகாரா நினைவு நாணயங்கள்: மகளுக்காகச் சேர்ப்பது பிரயோஜனமா?

பாகான் அப்பா:
வணக்கம். பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். மகள் பிறந்ததிலிருந்து நம் மலேசிய மத்திய வங்கியான பாங்க் நெகாரா வெளியிடும் நினைவு நாணயங்களை வாங்கிப் பெட்டியோடு அலமாரியில் வைத்து வருகிறேன். பெரும்பாலும் மஞ்சளாக மின்னுகிற நோர்டிக் கோல்ட் ரகம்தான். அவள் பல்கலைக்கழகம் போகும்போது விற்றால் படிப்புச் செலவுக்கு உதவும் என்று என் கணக்கு. மனைவியோ அந்தப் பணத்தை அரசின் கல்விச் சேமிப்புத் திட்டமான எஸ்எஸ்பிஎன்னில் போடச் சொல்கிறாள். போதாததற்கு மாமியார் ஒரு மைலோ டின் நிறைய பழைய ஒரு ரிங்கிட் காசு கொடுத்திருக்கிறார், கிரிஸ் என்ற மலாய்க் குத்துவாள் படம் போட்டது. ஒரு காசு பல்லாயிரம் ரிங்கிட்டுக்குப் போகிறது என்று வாட்சாப்பில் வீடியோ வேறு வருகிறது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லெபோ பாசார் மாமா:
தம்பி, மனைவி சொல்வதைக் கேளுங்கள். மீதி இருந்தால் நாணயம் வாங்குங்கள்.

நான் ஜார்ஜ்டவுனில் மணி சேஞ்சர் கடையில் காலம் தள்ளியவன். காசு கைமாறுவதைப் பார்த்தே வயதாகிவிட்டது. நோர்டிக் கோல்டில் தங்கம் துளியும் கிடையாது. நூற்றுக்கு 89 பங்கு செம்பு, மீதி அலுமினியம், துத்தநாகம், கொஞ்சம் வெள்ளீயம். ஐரோப்பாவில் 10, 20, 50 சென்ட் காசுகளை இதே உலோகத்தில்தான் அடிக்கிறார்கள். உருக்கினால் ஒன்றும் தேறாது. சரி, சேகரிப்பவர்கள் விலை கொடுப்பார்களா? அங்கேதான் சிக்கல். நீங்கள் பெட்டியோடு பத்திரமாக வைத்திருக்கிறீர்கள், வாங்கிய எல்லாரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். இருபது வருடம் கழித்தும் அத்தனையும் பளபளவென்று சந்தைக்கு வரும். பிறகு எங்கே தட்டுப்பாடு?

விலை ஏறியதெல்லாம் யாரும் எடுத்து வைக்காத காசு. 1967இல் வந்த முதல் வரிசை, நாடாளுமன்றக் கட்டடம் போட்டது, ஞாபகம் இருக்கும். அதில் 1971 என்று போட்ட 10 சென், 20 சென் காசுகளை இன்றும் வலை வீசித் தேடுகிறார்கள். அன்றைக்கு அதை எடுத்து வைக்க யாருக்குத் தோன்றியது? ஐஸ் கச்சாங் வாங்கித் தின்றோம். அதிலும் கைபடாத காசுக்குத்தான் மரியாதை, தேய்ந்ததற்கு இல்லை.

உலோகத்துக்கே மதிப்பு உள்ளதென்றால் பேச்சு வேறு. 1976இல் காட்டு விலங்கு வரிசை ஒன்று வந்தது. 15 ரிங்கிட்டில் காட்டெருமை, 25இல் இருவாச்சி, இரண்டும் வெள்ளி. தப்பீர் என்ற காட்டு விலங்கு போட்ட 500 ரிங்கிட் மட்டும் தங்கம். வெள்ளி, தங்கம் விலைக்குக் கீழே இவை போகாது. தங்கம்தான் வேண்டுமென்றால் 2001இல் வந்த கிஜாங் எமாஸ் என்ற தங்கக் காசு இருக்கிறது. வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் பாங்க் நெகாராவே வெளியிடுகிறது. அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

கிரிஸ் காசு கள்ளக்காசுத் தொல்லையால் 2005 டிசம்பர் 7 முதல் செல்லாது. கடையில் ஒரு ரிங்கிட்டுக்குக்கூட எடுக்க மாட்டார்கள். கோடிக்கணக்கில் அடித்தது என்பதால் சேகரிப்பவர்களும் அள்ளிக் கொடுக்க மாட்டார்கள். வாட்சாப் வீடியோவில் காட்டுவது விற்பவன் கேட்கும் விலை. நானும் என் பழைய சைக்கிளுக்கு ஒரு லட்சம் கேட்கலாம்.

செந்தூல் கலா:
மாமா, எல்லாவற்றையும் ரிங்கிட் கணக்கிலேயே பார்த்தால் எப்படி? நான் 25 சென் பறவை வரிசையைச் சேர்த்தது அழகுக்காகத்தான். பாகான் அப்பா, ஒரு விஷயம். மெத்தென்று வளையும் பிவிசி பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுவென்று படியும். மைலார் என்ற வேறு வகை பிளாஸ்டிக் உறை வாங்குங்கள், டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போடுங்கள். புளி, பிராஸோ பாலிஷ் எதையும் கிட்டேயே கொண்டு போகாதீர்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசை அம்கார்ப் மாலில் பழைய காசு விற்கும் வியாபாரிகள் ஒரே பார்வையில் கண்டுபிடித்து விலையைக் குறைத்துவிடுவார்கள். கேஎல் வந்தால் மகளை பாங்க் நெகாராவின் சாசானா கிஜாங் கட்டடத்தில் உள்ள அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள்.

பாகான் அப்பா:
நன்றி மாமா, நன்றி அக்கா. எஸ்எஸ்பிஎன் கணக்கு திறந்தாயிற்று, வீட்டில் சமாதானம். இன்று டின்னைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் பெரிய காசு ஒன்று கிடந்தது. ஒரு பெண் சூலாயுதத்தோடு நிற்கிறாள், 1898 என்று போட்டிருக்கிறது. மாமியாருக்கே அது எப்படி வந்ததென்று தெரியவில்லை. லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் காட்டி விலை கேட்கலாமா?

லெபோ பாசார் மாமா:
பொறுங்கள், அவசரப்பட்டு எங்கேயும் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அது பிரிட்டிஷ்காரர்கள் கிழக்காசிய வியாபாரத்துக்காக அடித்த வாணிப டாலராக இருக்கலாம். அசலாக இருந்தால் 90 சதவீதம் வெள்ளி. ஆனால் இந்த டாலரில் போலிக்குப் பஞ்சமே இல்லை, பழைய சாமான் சந்தைகளில் குவியலாகக் கிடக்கும். முதலில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் கதை முடிந்தது. ஒட்டாவிட்டால் தெரிந்த நகைக்கடையில் கொடுத்து எடை போடுங்கள். 26.95 கிராம் இருக்க வேண்டும். தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம், இரண்டு மூன்று கிராம் குறைந்தால் சந்தேகம்தான். சூலத்தின் நடு முனையில் பி என்ற எழுத்து பொடியாகத் தெரிந்தால் அது பம்பாயில் அடித்தது. எடையை இங்கே எழுதுங்கள். இரண்டு பக்கமும் விளிம்பும் தெளிவாகத் தெரிகிற மாதிரி படமும் போடுங்கள்.