சாயம் சேர்க்காமல் பைண்டிங் அளக்க எஸ்பிஆரா, பிஎல்ஐயா?

கிருஷ்ணகிரி மாணவி:
பலாக்கொட்டையில் இருந்து எடுத்த ஜாக்கலின் புரதம் ஐஜிஏ1 என்ற ஆன்டிபாடியோடு (உடலின் நோய் எதிர்ப்புப் புரதம்) எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று அளக்கணும். ஃப்ளோரசன்ட் சாயம் போட்டால் ஒட்டும் இடமே கெட்டுவிடுமோ என்று பயம். எஸ்பிஆர் (சர்ஃபேஸ் பிளாஸ்மான் ரெசோனன்ஸ்), பிஎல்ஐ (பயோலேயர் இன்டர்ஃபெரோமெட்ரி) இரண்டும் சாயமில்லாமல் ஒளியை வைத்தே ஒட்டுவதை அளக்குமாம், இதில் எந்தக் கருவி நல்லது?

ஓசூர்க்காரன்:
சாறு முழுக்கச் சுத்தமாகவில்லை என்றால் பிஎல்ஐதான்மா. கண்ணாடி இழையின் நுனியைத் தட்டின் குழியில் முக்கினால் போதும், எஸ்பிஆரில் இருப்பதுபோல அடைத்துக்கொள்ள நுண்குழாயே கிடையாது, நுனியில் மூலக்கூறு படியப் படிய வெள்ளை ஒளியின் குறுக்கீட்டு வடிவம் நகரும்.

தருமபுரி ஆய்வாளர்:
சின்ன சர்க்கரை மூலக்கூறு என்றால் எஸ்பிஆர். சுமார் 50 நானோமீட்டர் தங்கப் படலம், நுணுக்கம் அதிகம். ஜாக்கலினுக்கு நான்கு துணை அலகுகள், பல இடத்தில் பிடிக்கும். பரப்பில் நெருக்கமாகப் பதித்தால் பிணைப்பு உண்மையைவிட வலுவாகத் தெரியும். அப்புறம் ஜாக்கலின் பிடிக்கும் சர்க்கரையான கேலக்டோஸை ஊற்றினால் பிணைப்பு பிரிகிறதா பாருங்கள், அந்தச் சோதனை இல்லாத பிணைப்பு வளைவை நான் நம்பமாட்டேன்.

கிருஷ்ணகிரி மாணவி:
சரி அண்ணா, குறைவாகவே பதிக்கிறேன்.