உடனே யாரையாவது கூப்பிட்டாக வேண்டிய சந்தோஷங்கள்

கரிசல்காடு:

நமக்குப் பிடித்துப்போன சின்னச் சின்ன விஷயங்களை நண்பர்களிடம் சொன்ன அனுபவத்தைக் கேட்டிருந்தீர்கள். நல்ல பேனா, நல்ல காபிப்பொடி என்று எழுதலாம்தான், ஆனால் அதெல்லாம் எப்போது போனாலும் கடையில் இருக்கும். எனக்கு இழுப்பு அன்றைக்கே தீர்ந்துபோகிற சமாச்சாரங்கள் மேல்தான். கண்ணில் பட்டவுடன் யாருக்காவது போன் போடாமல் இருக்க முடியாது, நாளைக்கு வா என்றும் சொல்ல முடியாது.

பதநீரையே எடுத்துக்கொள்ளுங்கள். பங்குனி, சித்திரையில் எங்கள் பக்கம் சாத்தூரிலிருந்து கோவில்பட்டி போகிற நான்குவழிச் சாலை ஓரமாகக் குடத்தை வைத்து நிறையப் பேர் விற்கிறார்கள், எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சிலதில் சாக்கரின் கலந்திருக்கும். கண்டுபிடிப்பது சுலபம், குடித்து முடித்து ரொம்ப நேரமாகியும் நாக்கில் இனிப்பு நின்றுகொண்டே இருக்கும், கடைசியில் லேசாகக் கசக்கவும் செய்யும். ரோட்டை விட்டு உள்ளே ஊருக்குள் போய், காலையில் பனையேறி இறக்கின கையோடு வாங்கினால்தான் அசல். பாளையைச் சீவிக் கட்டுகிற கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள், அது இல்லாவிட்டால் வெயில் ஏற ஏறப் புளித்துக் கள்ளாகிவிடும், கள்ளுக்கு இங்கே தடை. அதனால் நல்ல பதநீரில் முதலில் மூக்குக்கு வருவது சுண்ணாம்பு வாசம், அதற்கப்புறம்தான் இனிப்பு. அந்த வாசம் பிடிக்காமல் முகத்தைச் சுளிப்பவர்களுக்கு இரண்டாவது பட்டை ஊற்றாதீர்கள், வீண்.

பட்டை என்றால் இளம் ஓலையை விரித்து, மடக்கி, நுனியை அதன் ஈர்க்காலேயே கட்டி, தொன்னை மாதிரி ஆக்கிக் கையில் கொடுப்பார்கள். இரண்டு கையாலும் ஏந்திக்கொள்ள வேண்டும். அதற்குள்ளேயே நுங்கைக் கட்டைவிரலால் நோண்டிப் போட்டு, மேலே பதநீரை ஊற்றுவார்கள். உதட்டை வைத்து உறிஞ்சும்போது பாதி முழங்கை வழியாக ஓடும், நுங்கு வழுக்கிக்கொண்டு வந்து பல்லில் முட்டும். கல்யாணத்துக்கு வந்திருந்த சென்னை நண்பன் ஒருத்தனைத் தூக்கத்திலிருந்து எழுப்பி பைக்கில் வைத்துக் கூட்டிப்போனேன். போகும் வழியெல்லாம் திட்டினான். அங்கே போய் ஸ்ட்ரா இருக்கா என்று கேட்டான். விற்கிற பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம், "தம்பி எந்த ஊரு?" என்றார். சட்டை முழுக்க நனைத்துக்கொண்டு அடுத்த பட்டைக்குக் கையை நீட்டியவனும் அவன்தான். இப்போது பங்குனி பிறந்தால் போதும், இறங்கிருச்சா என்று அவனே மெசேஜ் போடுகிறான்.

மொட்டைமாடி மதுரை:

கரிசல்காடு அண்ணே, படிக்கும்போதே தாகம் எடுக்கிறது. என் விஷயத்துக்குப் பைசா செலவில்லை, மாடி ஏறினால் போதும். சர்வதேச விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேலே போவதை வெறும் கண்ணால் பார்க்கலாம் என்பது எங்கள் குடியிருப்பில் யாருக்கும் தெரியாது, எனக்கே தெரிந்து ரொம்ப நாள் ஆகவில்லை. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒரு சுற்று. ஆனாலும் எல்லாச் சுற்றிலும் தெரியாது. நமக்கு இருட்டியிருக்க வேண்டும், அதன் மேல் மட்டும் வெயில் பட வேண்டும், அதனால் பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்திலோ விடிவதற்குச் சற்று முன்னாலோதான் வாய்ப்பு. எந்த ஊரில் எத்தனை மணிக்கு, எந்தத் திசையிலிருந்து என்று நாசாவே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது.

நேரம் பார்த்துக் கீழ்வீட்டு அக்கா, அவர் மாமியார், வாட்ச்மேன் அண்ணன் என்று கிடைத்தவர்களையெல்லாம் மேலே இழுத்து வந்தேன். நன்றாக உச்சிக்கு வந்தால்கூட ஆறு நிமிடத்துக்குள் காட்சி முடிந்துவிடும், அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று சொன்னபோது எனக்கு வந்த பதற்றம் இருக்கிறதே! வடமேற்கில் ஒரு வெள்ளைப் புள்ளி கிளம்பியது. விமானம் என்றார் வாட்ச்மேன் அண்ணன். விமானம் என்றால் விளக்கு சிமிட்டும், இது சிமிட்டாது, சத்தமும் கிடையாது, ஒரே சீராக வெள்ளி கிரகம் அளவுக்குப் பிரகாசமாக ஏறி வரும். உச்சியைத் தாண்டினதும் மங்கி, பளிச்சென்று இருந்த இடத்தில் ஒன்றுமில்லை, பூமியின் நிழலுக்குள் போய்விட்டது. மாமியார்தான் முதலில் பேசினார்: "உள்ளே ஆளு இருக்காகளா?" இருக்கிறார்கள் பாட்டி, 2000 நவம்பரிலிருந்து ஒரு நாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை, 2025-இல் நம் நாட்டு சுபான்ஷு சுக்லாவே போய் இருந்துவிட்டு வந்தார் என்றேன். அதெல்லாம் சரி, சோத்துக்கு என்ன பண்ணுவாக என்று ஆரம்பித்தவர், எட்டு மணி சீரியலை மறந்துவிட்டார். எங்கள் தெருவில் அது சாதாரணக் காரியம் இல்லை.

கணக்கு டீச்சர்:

வானம் என்றதும் வருகிறேன். நிழல் இல்லாத நாள் கேள்விப்பட்டிருப்பீர்கள், சூரியன் சரியாகத் தலைக்கு நேர் மேலே வருகிற நாள். தமிழ்நாட்டில் எல்லா ஊருக்கும் வருஷத்துக்கு இரண்டு முறை உண்டு, டெல்லிக்காரர்களுக்குக் கிடையாது, கடகரேகைக்கு வடக்கே இருப்பதால் சூரியன் அவர்கள் உச்சிக்கு வருவதே இல்லை. மதுரைப் பக்கம் சித்திரை பிறந்த ஓரிரு நாளில் ஒன்று, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் இன்னொன்று. ஆகஸ்டில் மேகம் வந்து கெடுக்கும், ஆனாலும் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள் என்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும்.

டம்ளரை வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வாய் அகன்ற டம்ளர் ஏமாற்றும், அதன் விளிம்பே கீழே நிழல் போடும். பிளம்பரிடம் ஒரு சாண் பிவிசி குழாய்த் துண்டு வாங்கி, சமமான தரையில் நட்டமாக நிறுத்துங்கள். பன்னிரண்டேகால் நெருங்கும்போது பக்கத்து நிழல் கரைந்து கரைந்து, குழாய்க்கு உள்ளே தரையில் முழு வட்டமாக வெயில் விழும். அது நகர்ந்து ஒரு பக்கம் பிறை மாதிரி இருட்டு வருவதற்குள் வரிசையில் நிற்கிற எல்லாரும் எட்டிப் பார்த்தாக வேண்டும், அந்தத் தள்ளுமுள்ளுதான் பாடமே. சக ஆசிரியை ஒருவர், சொந்த ஊரில் இருக்கிற அப்பாவுக்கு அன்றைக்குப் போன் செய்து கிணற்றை எட்டிப் பார்க்கச் சொன்னார். அவர் பார்த்துவிட்டு, அடித்தண்ணீர் வரைக்கும் வெயில் நேராக இறங்குது, இத்தனை வருஷம் இதைக் கவனிக்காமல் இறைத்திருக்கிறேனே என்றாராம்.

நாகர்கோவில் வாசி:

எங்க ஊருக்கு அயினிச் சக்கை மக்கா. பலாவுக்குத் தம்பி, உருண்டையா கைக்கு அடங்கும், மேலெல்லாம் முள், உள்ளே ஆரஞ்சு நிறத்தில் சுளை. மரத்தைப் பலகைக்காக வளர்ப்பார்கள், வானத்துக்குப் போகிற உயரம், ஏறிப் பறிக்க ஆள் கிடையாது. அதனால் சந்தைக்கு வருவது அபூர்வம், மே மாசம் எங்காவது ஒரு பாட்டி சாக்கை விரித்துக் கொஞ்சம் வைத்திருப்பார். இருக்கிற அத்தனையையும் வாங்கிவிடுவேன். ஆபீசில் எல்லார் கையிலும் பிசின் ஒட்டி, கீபோர்டைத் தொட முடியாமல் தேங்காய் எண்ணெய் தேடி அலைவார்கள். விதையைத் தூர எறியாதீர்கள், வறுத்துத் தின்னலாம்.

உடன்குடி:

எல்லாரும் கெட்டுப்போவதையே புகழ்கிறீர்கள். அதே பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி, பக்குவமாக வைத்தால் வருஷம் தாங்கும், எங்கள் ஊர்க் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அவசரப்பட்டு யாரையும் தூக்கத்தில் எழுப்ப வேண்டியதில்லை.

கரிசல்காடு:

உடன்குடி அண்ணாச்சி சொல்வதை மறுக்கவில்லை, எங்கள் வீட்டுக் காபியும் கருப்பட்டியில்தான். ஆனால் கருப்பட்டி வாங்கினால் அம்மாவிடம் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன், யாருக்கும் போன் போட்டதில்லை. டீச்சர், சாத்தூருக்கு நிழல் இல்லாத நாள் மதுரைக்கு முந்தியா பிந்தியா? பிவிசி குழாய் வீட்டிலேயே கிடக்கிறது.

கணக்கு டீச்சர்:

நீங்கள் தெற்கே இருப்பதால் சித்திரைக் கணக்கில் ஓரிரு நாள் முந்தி, ஆகஸ்டில் ஓரிரு நாள் பிந்தி. குழாயின் இரண்டு முனையையும் நேராக அறுத்துக்கொள்ளுங்கள்.